சுவரோரம் மஞ்சள் மூங்கில் நட்டுவிட்டேன்: விடுவதா, பெயர்ப்பதா?

மேற்கு ஜன்னல், பல்லடம்

எல்லோருக்கும் வணக்கம். பல்லடத்துக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. பத்து சென்ட் இடம். வீடு போக மீதியில் செடி, கொடி வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் முன்பெல்லாம் சோளக்காடு தெரியும், அதற்கு அப்பால் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். போன வருடம் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறிக்கூடம் வந்துவிட்டது. இப்போது தகரக் கூரைதான் தெரிகிறது. இரவும் பகலும் தறிச்சத்தம். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. என் ஜன்னலுக்கு முன்னால் கொஞ்சம் பச்சை வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசி மாதம் ஒரு நர்சரியில் பன்னிரண்டு மஞ்சள் மூங்கில் கன்றுகள் வாங்கினேன். இடுப்பு உயரம் இருந்தன. "எட்டடிக்கு மேல் போகாது, வேலி போல அடர்ந்து நிற்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மூன்றடிக்கு ஒன்றாக வரிசையாக நட்டேன். ஆடிக்காற்று அடித்த அடியில் எல்லாம் கிழக்கே சாய்ந்துவிட்டன. இலை நுனிகள் காய்ந்தன. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சவர், சோப்பு நுரைக்காது. சத்துக் குறைவோ என்று நினைத்து, பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து எரு வாங்கி ஒவ்வொரு செடிக்கும் ஒரு சட்டி போட்டேன். பத்தே நாளில் நான்கு செடிகள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன.

இதற்கிடையில் ஒரு காணொளி பார்த்தேன். மூங்கில் வேர் சுவருக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுத் தரையைப் பிளந்து முளைத்திருந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. என்னுடையதும் அப்படி ஓடுகிற வகையா? தெற்கு மூலையில் செப்டிக் டேங்க் வேறு இருக்கிறது. என் அத்தை, அதாவது மாமியார், "மூங்கில் வைத்தால் பாம்பு வந்து குடியிருக்கும்" என்று நாளைக்கு மூன்று முறை சொல்கிறார். இவ்வளவு தூரம் வந்த பிறகு விடுவதா, பெயர்ப்பதா? தறிச்சத்தமாவது குறையுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி

அம்மிணி, முதலில் அந்த எருவை வழித்து எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். பண்ணையிலிருந்து வந்த புதுக்கோழி எரு மண்ணில் சூடு ஏற்றும், அதில் உப்பும் அதிகம். உங்கள் தண்ணீரும் உப்பு. செடி பசித்து வாடவில்லை, உப்பில் வெந்துகொண்டிருக்கிறது. மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு எருவோடு சேர்த்து அள்ளி ஒரு மூலையில் குவித்து, ஆறு மாதம் மக்க விடுங்கள். ஒவ்வொரு தூருக்கும் நான்கு குடம் நல்ல தண்ணீர் நிதானமாக ஊற்றுங்கள். லாரித் தண்ணீர் ஆனாலும் பரவாயில்லை. தண்டு பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கிற வரையில் செடி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மூங்கிலுக்கு உயிர் கிழங்கில்தான்.

அடுத்து, ஓடுகிற வகையா என்பது. மூங்கிலில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, கிழங்கு மண்ணுக்குள் நீளமாக ஓடி, கணுவுக்குக் கணு முளைவிட்டுப் போவது. சீனா, ஜப்பான் போன்ற குளிர்ந்த சீமைகளில் இதுதான் அதிகம், நீங்கள் காணொளியில் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, கிழங்கு கட்டையாகக் குறுகி, அம்மாவை ஒட்டிப் பிள்ளை நிற்பது போல ஒரே தூராகக் கட்டுவது. நம் காட்டு மூங்கில், கல் மூங்கில் எல்லாம் இந்த இனம். மஞ்சள் மூங்கில் என்ற ஒரே பெயரில் இரண்டு வகையையும் விற்கிறார்கள் என்பதுதான் தொல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கழியைக் கையில் பிடித்து, கிளை விட்ட கணுவைப் பாருங்கள். கணுவுக்கு இரண்டே கிளைகள் இருந்து, அதற்கு மேலே உள்ள தண்டில் கட்டைவிரல் பதித்து இழுத்தது போலப் பள்ளம் ஓடினால் அது ஓடுகிற ஜாதி. கிளைகள் கொத்தாக இருந்து, நடுவில் ஒன்று மட்டும் தடித்து, தண்டும் உருண்டையாக இருந்தால் தூர் கட்டுகிற ஜாதி. பார்த்து எழுதுங்கள். மஞ்சள் தண்டில் யாரோ தூரிகையால் இழுத்தது போலப் பச்சைக் கோடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தூர் கட்டுகிற ஜாதி என்றால் ஓடிப் போகாது. ஆனால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. என் கதையைச் சொல்கிறேன்.

2009இல் வீட்டுக்குப் பின்னால், சுவரிலிருந்து மூன்றடியில், பச்சைக்கோடு போட்ட மஞ்சள் மூங்கில் ஒன்பது வைத்தேன். கீழ்பவானி வாய்க்கால் கசிவு இருக்கிற மண், சொல்லவா வேண்டும். மூன்றாம் வருடம் மாடிக்கு மேலே நின்றது. சாயங்கால வெயில் விழும்போது பொன் உருக்கி வார்த்தது போல இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் ஒரு கழியைக்கூட வெட்டவில்லை. சுவர்ப் பக்கம் ஆள் நுழையவும் இடமில்லை. ஆறாம் வருடம் உள்ளே எட்டிப் பார்த்தால், செத்த கழியும் உயிர்க் கழியும் பின்னிக்கொண்டு, சருகு இடுப்பளவு கிடந்தது. வெளிப் பக்கம் இடமிருந்தும் புதுக் குருத்துகளில் பாதி சுவர்ப் பக்கமே முட்டின. கிழங்கு காங்கிரீட்டைத் துளைக்காது, ஆனால் வருடத்துக்கு ஓரடி போலத் தூர் விரியும்போது தள்ளும். சுவர் இரண்டு இடத்தில் வெடித்தது. 2016இல் மழை பொய்த்ததே, அந்த வருடம் பாதித் தூர் காய்ந்தது. 2018இல் ஜேசிபி வைத்துப் பறித்தேன். ஒன்றரை நாள் ஆனது. கழி வெட்டிப் போட்ட ஆட்களுக்குச் சுணை பட்டு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொடுத்தபடி நின்றபோதுதான், தப்பு மூங்கில் மேல் இல்லை என்பது எனக்கு உறைத்தது. தூரைச் சுற்றி நான் நடக்க வழி வைக்கவில்லை. நான்கு பக்கமும் ரம்பத்தோடு குனிந்து உட்கார இடம் இல்லாத தூரை யாராலும் காப்பாற்ற முடியாது.

அதனால் எந்த வகை என்று கேட்பதற்கு முன், சுவருக்கும் தூருக்கும் நடுவே நீங்கள் எப்படி நுழைவீர்கள் என்று யோசியுங்கள். உங்கள் இடத்தில் சுவரிலிருந்து வீடு வரை எத்தனை அடி?

அமராவதிக்கரை, கரூர்

கோபி அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நான் வேறு வகை வைத்திருப்பதால் இதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது பாம்பூசா மல்டிபிளெக்ஸ். நர்சரிகளில் வேலி மூங்கில் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். கழி சுண்டுவிரல் தடிமன்தான், பெருத்தால் கட்டைவிரல். எங்கள் கரிசல் மண்ணில் ஆறு வருடத்தில் பன்னிரண்டு அடி வந்திருக்கிறது. நல்ல ஈரம் கண்டால் இருபது அடிகூடப் போகும், ஆனால் உச்சியைக் கத்தரித்து நமக்கு வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். வெட்டிய கழி அதற்கு மேல் வளராது, பக்கக் கிளைதான் அடர்த்தியாகும். மறைப்புக்கு அதுதானே வேண்டும். நான்கடிக்கு ஒன்று வைத்தேன், மூன்றாம் வருடம் இலையோடு இலை சேர்ந்துவிட்டது.

வெள்ளாடு மட்டும் ஜாக்கிரதை. எங்கள் தெரு ஆடுகள் முதல் வருடம் இரண்டு முறை மொட்டையடித்துவிட்டன.

தடாகம் பள்ளத்தாக்கு

கோவைப் பக்கம் மலையடிவாரத்தில், காட்டோரத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பல்லடத்தில் இந்தக் கவலை இல்லை. ஆனைகட்டி, தடாகம், மாங்கரை, சிறுவாணி அடிவாரம், சத்தியமங்கலம் காட்டோரம், இங்கெல்லாம் தயவுசெய்து வீட்டை ஒட்டி மூங்கில் வைக்காதீர்கள். யானைக்கு மூங்கில் உயிர். வாழையும் பலாவும் போல அதையும் தேடி வரும். நான் வாசலில் அழகுக்கு வைத்த நான்கு தூரை ஒரு கோடைக்காலத்து இரவு வந்து தின்றது. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் பிள்ளைகளும் மூச்சுவிடாமல் நின்றோம். கழி முறிகிற சத்தம் பட்டாசு போலக் கேட்டது. அது யாரையும் ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. மறுநாளே மீதியைத் தோண்டி எடுத்தேன். அதன் வழியில் அதன் தீனியை நாமே நட்டு வைத்துவிட்டு, பிறகு யானை வருகிறது என்று புகார் சொல்வதில் நியாயம் இல்லை.

மேற்கு ஜன்னல், பல்லடம்

நன்றி அண்ணா. எருவை அன்றைக்கே வழித்தேன். லாரித் தண்ணீர் விட்டேன். நான்கில் மூன்று செடிகளில் கணுவில் பச்சை முனை தெரிகிறது.

கணுவைப் பார்த்தேன். ஒரு கணுவில் ஐந்து கிளை, இன்னொன்றில் ஏழு. நடுக்கிளை மட்டும் தடிமன். பள்ளம் இல்லை, உருண்டைத் தண்டு. மஞ்சளில் பச்சைக் கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு கணு இடைவெளியிலும் வேறு வேறு அகலத்தில். அப்படியானால் உங்கள் ஜேசிபி மூங்கில்தானே? சுவரிலிருந்து வீட்டுத் திண்ணை வரை ஒன்பதடிதான் இருக்கிறது, நீளம் நாற்பது அடி.

இன்னொரு சந்தேகம். தண்டை மூடியிருக்கிற பழுப்பு நிறப் பாளைக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. தறிக்கூடத்திலிருந்து பஞ்சுத் தூசி பறந்து இலையெல்லாம் படிகிறது, அதுதான் என்று நினைத்தேன். ஆனால் சில இடத்தில் எறும்பு ஏறுகிறது.

வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி

எறும்பு ஏறினால் அது பஞ்சு இல்லை, மாவுப்பூச்சி. ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், ஈரமாகப் பிசுபிசுக்கும். பஞ்சு என்றால் நூலாக இழுபடும். காய்ந்த பாளைகளைக் கையுறை போட்டு உரித்துவிட்டு, தண்ணீர்க் குழாயை அழுத்தி அடித்துக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெயில் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பாளையின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கும், அதுதான் சுணை. வெறும் கையால் உரிக்க வேண்டாம். தூசிக்கும் இதே கழுவல்தான் மருந்து. தறிக்கூடத்துப் பக்கம் என்பதால் மாதம் ஒரு முறை இலையைக் கழுவுங்கள்.

ஆம், உங்களிடம் இருப்பது பாம்பூசா வல்காரிஸில் மஞ்சள் வகை. எட்டடி என்று சொன்னவர்கள் தொட்டியில் வைத்ததைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். தரையில் முப்பதடி சாதாரணமாகப் போகும், கழி மணிக்கட்டை விடப் பெரிதாக வரும். ஒன்பதடி அகலத்தில் பன்னிரண்டு தூர் என்றால் ஐந்தாறு வருடத்தில் உங்கள் திண்ணைக்கே வழி இருக்காது. மனம் கஷ்டப்பட வேண்டாம், கன்று சின்னதாக இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பெயர்த்துவிடுங்கள். இப்போது வேண்டாம், காற்று அடங்கட்டும். புரட்டாசி கடைசியில் ஆரம்பித்து ஐப்பசி மழையோடு சேர்ந்து செய்யலாம். நம் பக்கம் தென்மேற்கு மழை பெயருக்குத்தான், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வருகிறது. ஈரம் ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த ஈரத்தில் நட்ட மூங்கில் அடுத்த ஆடிக்குள் வேர் பிடித்து, காற்றுக்கு எதிர்த்து நிற்கும்.

பன்னிரண்டில் நல்லதாக ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடமேற்கு மூலையில் இடம் இருந்தால், எந்தச் சுவரிலிருந்தும் பத்தடி விட்டு, மின்கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்து நடுங்கள். மற்றதைத் தோட்டம் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், வாய்க்கால் பொழியில் ராஜா போல வளரும். சுவரோரத்துக்குக் கரூர்க்காரர் சொன்ன வேலி மூங்கில்தான் சரி. சுவரிலிருந்து மூன்றடி விட்டு, நான்கடிக்கு ஒன்று. செப்டிக் டேங்க் பக்கம் பத்தடியை வெறுமனே விட்டுவிடுங்கள், அங்கே செம்பருத்தி போதும். குழி இரண்டடிக்கு இரண்டடி. மக்கிய தொழு எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு கிடைத்தால் அதுவும். சுண்ணாம்புக் கல் தட்டினால் அந்தக் கல்லை எல்லாம் எடுத்துவிட்டு வெளி மண் போட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் இலை வெளுக்கும். மாடி மழைத்தண்ணீர்க் குழாயை அந்த வரிசைக்குத் திருப்பிவிட முடியுமா பாருங்கள். நல்ல மழை நாலு பெய்தால் ஒரு வருடம் தேங்கிய உப்பு கீழே இறங்கிவிடும்.

இனி வெட்டுவது. முதல் இரண்டு வருடம் கை வைக்க வேண்டாம். மூன்றாம் வருடத்திலிருந்து, தை, மாசியில், குருத்து வராத காலத்தில் செய்ய வேண்டும். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிறந்த வருடத்துக் கழியில் பாளை இருக்கும், தண்டில் சாம்பல் பூசியது போல வெள்ளைப் பொடி இருக்கும். இரண்டாம் வருடம் பொடி போய்த் தண்டு பளபளக்கும். மூன்று, நான்கு தாண்டியதில் பாசி படிந்து நிறம் மங்கியிருக்கும், தட்டினால் காய்ந்த சத்தம் கேட்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். இளசை வெட்டிக் கிழட்டை விட்டால் தூர் இரண்டே வருடத்தில் சோர்ந்துவிடும், ஏனென்றால் புதுக் குருத்துக்குச் சோறு ஊட்டுவது முந்தின இரண்டு வருடத்துக் கழிகளின் இலைதான். வெட்டுவது ரம்பத்தால், தரைக்கு மேலே முதல் கணுவை ஒட்டி. கணுவுக்கு மேலே குழாயாக விட்டால் மழைத்தண்ணீர் நின்று கிழங்கு அழுகும், கொசுவும் வரும். அரிவாளால் சாய்த்து வெட்டினால் ஈட்டி போல முனை நிற்கும், குழந்தைகள் ஓடுகிற இடம். பெரிய தூர் என்றால் ஒரு பக்கத்தைத் திறந்து, குதிரை லாடம் போல உள்ளே போக வழி செய்துகொண்டு, நடுவில் இருக்கிற பழசை இழுத்துப் போட வேண்டும். புதுசு எப்போதும் வெளி ஓரத்தில்தான் வரும்.

பாம்பு விஷயத்தில் அத்தை சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். பாம்பு மூங்கிலைத் தேடி வருவதில்லை, சருகுக்குள் குடியிருக்கிற எலிக்கும் தவளைக்கும் வருகிறது. தூரின் கீழ்க்கிளைகளை முட்டி உயரம் வரை கழித்துவிட்டு, சருகை நான்கு விரல் அளவு மட்டும் மூடாக்காக விட்டு மீதியை வாரிவிட்டால், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரியும். ஒரு பூனை நடந்தாலும் கண்ணில் படும்.

சத்தம் குறையாது அம்மிணி. ஒரு வரிசை இலை தறிச்சத்தத்தைத் தடுக்காது, அதை நம்பி நட வேண்டாம். தகரம் மறையும். காற்றடித்தால் இலைச் சத்தம் சேர்ந்து கேட்கும், அது ஓர் ஆறுதல்.

பவானிக்கூடல்

குறுக்கே ஒரு கேள்வி. வீட்டில் வைத்த மூங்கிலை வெட்டி எடுத்துப் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? அப்புறம், என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் ஆற்றோரம் இருந்த முள்மூங்கில் ஒரு வருடம் மொத்தமாகப் பூத்து, நெல் போல மணி கொட்டி, அதோடு செத்தே போனது. அழகு மூங்கிலும் அப்படிச் சாகுமா?

வாய்க்கால்மேட்டுத் தோட்டம், கோபி

இந்திய வனச் சட்டத்தில் மூங்கில் மரம் என்ற கணக்கில் இருந்ததால் வந்த பயம் அது. காட்டுக்கு வெளியே வளர்க்கிற மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து 2017இல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். உண்மையிலேயே அது புல் குடும்பம்தான். காட்டுக்குள் இருக்கிற மூங்கிலுக்குப் பழைய சட்டம் அப்படியே இருக்கிறது.

முள்மூங்கில் முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்துச் சாகும். உங்கள் அப்புச்சி வீட்டில் அந்த மூங்கில் அரிசியைச் சமைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மஞ்சள் மூங்கில் பூப்பதே அபூர்வம், விதையும் வைக்காது. அதனால்தான் கணுவைப் பதித்தே கன்று எடுக்கிறோம். நம் காலத்தில் அந்தப் பயம் வேண்டாம்.

மேற்கு ஜன்னல், பல்லடம்

கார்த்திகை பிறந்துவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐப்பசி இரண்டாம் வாரம் பெயர்த்தோம். ஒன்று வடமேற்கு மூலையில். ஒன்று எருவிலேயே போய்விட்டது, பிழைக்கவில்லை. மீதிப் பத்தும் தாராபுரத்தில் என் சித்தப்பா தோட்டத்துக்குப் போயின. சுவரோரம் ஏழு வேலி மூங்கில், மூன்றடி விட்டு. நடுவதற்கு முன் என் கணவரைச் சுவருக்கும் குழிக்கும் நடுவே ரம்பத்தோடு உட்காரச் சொல்லிப் பார்த்தேன். முழங்கை இடிக்கவில்லை.

குழியில் சுண்ணாம்புக் கல் தட்டியது, இரண்டு வண்டி எடுத்தோம். மாடித் தண்ணீரைத் திருப்பிவிட்டாயிற்று. சருகு வாருகிற வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார், வேறு யாரையும் விடுவதில்லை.

மூலையில் இருக்கிற மஞ்சள் மூங்கிலில் போன வாரம் ஒரு குருத்து வந்தது. பழைய கழிகளை விட இரண்டு மடங்கு தடிமன், கருத்த முடி போர்த்திய பாளை. காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன், அதன் நுனியில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. இரவு மழையும் இல்லை, பனியும் இல்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டு வைத்தார். மறுநாள் காலையில் குச்சியைத் தாண்டி நான்கு விரல் மேலே நின்றது. இப்போது தினமும் விடிந்ததும் அவர்தான் முதலில் போய்ப் பார்க்கிறார்.